எட்டு, பதினாலு, தொண்ணூத்தாறு

ஜனவரி 20, 2008

தம்பிக்கு,

அண்ணன் எழுதறேன். நலம், நலமறிய ஆவல்னு ஆரம்பிக்கணும்னு தெரியும். பதினொண்ணரை வருஷம் கழிச்சு அதைப் படிச்சா நின்ன இடத்துலயே கிழிச்சுப் போட்டுடுவே. அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன்.

விஷயம் என்னன்னா ஒரு பல்லி. சிரிக்காதே. நீ வாங்கி வெச்ச கம்ப்யூட்டருக்குப் பின்னாடி காத்தாடி சுத்தற ஓட்டை இருக்குல்ல, அதுக்குள்ள ஒரு பல்லி ரொம்ப நாளா குடித்தனம் பண்ணிக்கிட்டிருந்தது. எனக்குத் தெரியும். கதகதப்புக்கு வந்து படுக்குது, வாடகையா கேக்கப் போறோம்னு விட்டுட்டேன். போன வாரம் காலையில சுவிட்சைப் போட்டேன். உள்ளே பட்டுன்னு ஒரு சத்தம், அப்புறம் கருகல் வாடை. மோட்டார் கருகற வாடை எனக்கு அத்துப்படி, இது வேற. பல்லியும் போச்சு, பெட்டியும் போச்சு. நீ ஒட்டின துண்டுச் சீட்டோட எழுத்து வர்ற அந்த டிவி மட்டும் மேசை மேல நிக்குது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவர் ஒருத்தர் இருக்கார். கண்ணாடி அவ்வளவு தடிமன், அதனால நம்ம பட்டறையில அவருக்கு சோடாபுட்டின்னே பேரு. அவர் பெட்டியைப் பிரிச்சுப் பார்த்துட்டு, "கணக்கெல்லாம் இருக்கிற டிஸ்க் மட்டும் தப்பிச்சுதுங்க, மத்தது சாம்பல்"னார். அவர்கிட்டயே பழசா ஒண்ணு வாங்கினேன். விண்டோஸ் 98ஆம். பளபளன்னு படமெல்லாம் வருது, மீன் நீந்துது. ஆனா நம்ம வைண்டிங் புரோகிராம் மட்டும் ஓடமாட்டேங்குது. "இது அந்தக் காலத்து டாஸ்ல எழுதினதுங்க. எழுதினவன் வந்தாத்தான் உண்டு"ன்னு கையை விரிச்சுட்டார்.

எழுதினவன் நீ.

உனக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் சொல்றேன். கருகின மோட்டார் வந்தா பழைய காயிலை அறுத்து எத்தனை சுத்து, எந்தக் கேஜ் கம்பின்னு எண்ணிப் புதுசா சுத்தறோம். அந்தக் கணக்கையெல்லாம் நான் வாயால சொல்லச் சொல்ல நீ உக்காந்து பெட்டிக்குள்ள ஏத்தினே. அதே மோட்டார் மறுபடி கருகி, காயில் உருகிக் கட்டியா வந்தாலும் பெட்டியைக் கேட்டா சுத்து சொல்லிடும். இப்போ அது இல்லாம நான் ஞாபகத்துல இருந்து கத்திக் கத்திச் சொல்றேன், வைண்டர் சுத்தறான்.

ஆனா மார்ச் பன்னெண்டாம் தேதியிலேருந்து கொஞ்ச நாள் நான் பட்டறையில இருக்க மாட்டேன். ஒரு வேலை இருக்கு. அதுக்கப்புறமும் முன்ன மாதிரி கத்த முடியாது. அதுக்குள்ள ஸ்கிரீன்ல நம்பர் வந்தாகணும். வந்துட்டா, வைண்டர் பார்த்துச் சுத்திக்குவான். வரலைன்னா பட்டறையைச் சாத்தணும்.

உன் அட்ரஸ் அண்ணியோட தகர டப்பாவுல இருந்தது. அவளுக்கு நீ வருஷம் ஒரு கடுதாசி போடறது எனக்குத் தெரியாதுன்னு ரெண்டு பேரும் நினைச்சுக்கிட்டிருந்தீங்க.

அண்ணன்

-

ஜனவரி 27, 2008

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. புரோகிராமை ஓட வைக்கச் செய்ய வேண்டியவை:

கணினிக்காரரிடம் சொல்லி, சி டிரைவில் நேரடியாக ஒரு ஃபோல்டர் போட்டு அதில் எல்லாக் கோப்புகளையும் வைக்கச் சொல்லுங்கள். ஃபோல்டர் பெயர் எட்டு எழுத்தைத் தாண்டக் கூடாது. டாஸுக்கு எட்டுக்கு மேல் தெரியாது. அதன்பின் கான்ஃபிக் கோப்பில் ஃபைல்ஸ் என்ற வரியில் அறுபது என்று போடச் சொல்லுங்கள், மெஷினை அணைத்துப் போடுங்கள். படம் சின்ன ஜன்னலாக வந்தால் ஆல்ட்டும் என்டரும் சேர்த்து அழுத்தினால் முழுத் திரைக்கு வரும்.

அப்படியும் வராவிட்டால், திரையில் என்ன எழுத்து வருகிறதோ அதை அப்படியே எழுதி அனுப்புங்கள். அது மட்டும் போதும். பல்லி, மீன் எல்லாம் வேண்டாம்.

கடிதத்தில் இழுப்பதற்குப் பதில் ஃபோன் செய்தால் ஐந்து நிமிடத்தில் முடியும் விஷயம் இது. எண் கீழே எழுதியிருக்கிறேன். வேலை நாட்களில் காலை பத்துக்குள் கூப்பிடலாம்.

தம்பி

-

பிப்ரவரி 2, 2008

தம்பிக்கு,

நீ சொன்னபடியே செஞ்சோம். முதல்ல ஃபோல்டர் கதையைக் கேளு. சோடாபுட்டி நம்ம பட்டறை போர்டுல இருக்கிற பேரை முழுசா, கடைசியில வர்ற "பிரதர்ஸ்" வரைக்கும், அப்படியே அடிச்சு வெச்சிருந்தார். நீ எட்டு எழுத்துன்னு சொன்னதைக் காட்டினதும், "அப்போ பிரதர்ஸை வெட்டிடலாங்களா?"ன்னார். நான் பதில் சொல்றதுக்குள்ள வெட்டிட்டார். போர்டுல இன்னும் வெட்டலை. மழையில பெயிண்ட் உரிஞ்சு போச்சு, ஆனா படிக்கலாம்.

இப்போ ஸ்கிரீன் கறுப்பா வருது, சோடாபுட்டி "ஆகா"ங்கறார், உடனே ரெண்டு வரி இங்கிலீஷ் வந்து செத்துப்போயிடுது. அந்த எழுத்தை அப்படியே படம் வரைஞ்சு இதோட வெச்சிருக்கேன். நான் படிச்சது மூணாங்கிளாசு, உனக்கே தெரியும். ஒவ்வொரு எழுத்தா அளந்து வரைஞ்சேன், காயில் சுத்தறதை விடக் கஷ்டம். கடைசியில இருக்கிற 200 மட்டும் எனக்குப் புரியுது. டிவியில நீ ஒட்டின சீட்டைப் பார்த்துட்டு சோடாபுட்டி "இது என்னங்க நம்பர்?"னார். "அது சாவி நம்பரு, தொடாதே"ன்னு கையைத் தட்டிவிட்டேன்.

போன்ல பேசலாம்தான். என் தொண்டை சரியில்லை. நாலு மாசமா கட்டிக்கிட்டுக் கரகரங்குது. பட்டறையில எனக்கு இப்போ ரேடியோன்னு பேரு. ஓயாம பேசறேனாம். "ரேடியோ ஸ்டேஷன் விட்டுப் போச்சு, யாராவது திருகுங்கப்பா"ங்கறான் வைண்டர். டாக்டர் பேச்சைக் குறைக்கச் சொல்றார். அதனால இப்போ பாதிப் பேச்சுக்கு நம்ம பழைய மாதிரி தட்டிக்கிட்டிருக்கேன்.

ஞாபகம் இருக்கா, நாம ரெண்டு பேரும் இருந்தப்போ? அந்த இரைச்சல்ல ஒருத்தன் பேசறது ஒருத்தனுக்குக் கேக்காது. நான் டெஸ்ட் மேசையில, நீ அந்தக் கோடியில மெயின் சுவிட்சுகிட்ட. ஸ்க்ரூ டிரைவரால சுவரோரம் ஓடற இரும்புக் குழாயில ஒரு தட்டு தட்டினா, நிறுத்து. மூணு தட்டு தட்டினா, நான் கையை எடுத்துட்டேன், ரெடி, போடு. ஒரு நாள் நான் மூணு தட்டி முடிக்கறதுக்குள்ள நீ போட்டுட்டே, மோட்டார் மேசையை விட்டு எகிறி டீக்காரன் காலடியில போய் விழுந்தது. அவன் டீயைக் கீழே விடலை பாரு, அதுதான் ஆச்சரியம்.

சரி, இதெல்லாம் நீ வேண்டாம்னே. மார்ச் பன்னெண்டு, மறந்துடாதே.

அண்ணன்

-

பிப்ரவரி 9, 2008

அண்ணனுக்கு,

நீங்கள் வரைந்த எழுத்து தெளிவாக இருந்தது. வேலைக்கு வேண்டியதை மட்டும் படித்துக்கொண்டேன்.

அது ரன்டைம் எரர் 200. பழைய புரோகிராம்களுக்கு வேகமான மெஷினில் வருவது. புரோகிராம் தொடங்கியதும் ஒரு கணம் நின்று, அந்த நேரத்துக்குள் மெஷின் எத்தனை சுற்று ஓடுகிறது என்று எண்ணும். எங்கே எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக. நான் எழுதிய காலத்து மெஷின் மெதுவானது. எண்ணிக்கை அதற்கென்று விட்ட இடத்தில் அடங்கியது. இப்போதைய மெஷின் அதே நேரத்தில் பல மடங்கு சுற்றிவிடுகிறது. எண் அந்த இடத்தில் கொள்ளாமல் வழிகிறது, புரோகிராம் விழுந்துவிடுகிறது. உங்கள் மெஷினிலும் தவறில்லை, புரோகிராமிலும் தவறில்லை. இரண்டும் வேறு வேறு காலத்தவை.

அந்த இடத்தைத் திருத்தி ஒரு ஃப்ளாப்பியில் அனுப்பியிருக்கிறேன். பழைய கோப்பின் மேலேயே இதைப் போடச் சொல்லுங்கள். போடுவதற்கு முன் கணக்குக் கோப்புகளுக்கு நகல் எடுத்துக்கொள்ளட்டும். புதிய மெஷினில் பதிவுகளின் வரிசைப் பட்டியலை ஒருமுறை புதிதாக அமைக்க வேண்டும். அதற்கு எஃப் ஒன்பது.

தொண்டைக்கு வெந்நீர் குடியுங்கள். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தம்பி

-

பிப்ரவரி 16, 2008

தம்பிக்கு,

ஓடுதுடா!

அந்த நீலக் கலர் திரை, மேல மஞ்சள் கோடு, "வாங்க, மோட்டார் நம்பர்?"னு கேக்குதே, அதே கேள்வி. இங்கிலீஷ் எழுத்துல தமிழை அடிச்சு வெச்சிருக்கேன்னு நீதானே அப்போ படிச்சுக் காட்டினே. வைண்டர் வந்து எட்டிப் பார்த்துட்டு "என்னண்ணே, கண்ணு கலங்குது?"ன்னான். வார்னிஷ் புகைடான்னேன். வார்னிஷ் அன்னிக்கு யாரும் காய்ச்சலை.

நீ சொன்னதைப் படிச்சுட்டு நான் ரொம்ப நேரம் யோசிச்சேன். ஒரு நிமிஷம் நில்லுன்னா நிக்கத் தெரியாத மெஷின், பாவம், அதோட கணக்கு வழிஞ்சு போகுது. நம்ம வீட்டுல கூட ரெண்டு பேர் அப்படி இருந்தாங்க.

ஆனா ஒரு கோளாறு இருக்கு. ரெண்டு தடவை நம்மகிட்ட வந்த மோட்டாருக்கு, கடைசியா சுத்தின கணக்கைக் காட்டணும்ல? பழைய பெட்டி சரியாக் காட்டும். இது சிலதுக்குப் பழசைக் காட்டுது. நேத்து ஐஸ் ஃபேக்டரி மோட்டாருக்குப் போன தடவை மாத்தினதை விட்டுட்டு அதுக்கு முந்தினதைச் சொல்லுது. எனக்கு ஞாபகம் இருந்ததால தப்பிச்சோம். நான் இல்லாதப்போ இப்படிச் சொன்னா வைண்டர் அதை நம்பிச் சுத்திடுவான். சோடாபுட்டி கணக்கு மொத்தத்தையும் நாலு ஃப்ளாப்பியில ஏத்திக் குடுத்தார், பார்சல்ல வருது. பிரிச்சுப் பாரு.

இல்லைன்னா, ஒண்ணு பண்ணேன். நீயே ஒரு தடவை வந்துட்டுப் போயேன். ரயில்ல ரெண்டு நாள், நான் இல்லைங்கலை. பன்னெண்டாம் தேதிக்கு முன்னாடி ஒரு நாள் உக்காந்தா எல்லாத்தையும் நேர்லயே பார்த்துடலாம். உனக்கு ஸ்டூல் அங்கேயே கிடக்கு. ஒரு கால் ஆடும், அட்டை வெச்சிருக்கேன்.

அண்ணி நல்லா இருக்கா. "கொழுந்தனை வரச் சொல்லுங்க, நானே எழுதட்டுமா?"ங்கறா. நீ எழுதாதேன்னு சொல்லிட்டேன். இது பட்டறை விஷயம்.

அண்ணன்

-

பிப்ரவரி 26, 2008

அண்ணனுக்கு,

ஃப்ளாப்பிகளைப் பார்த்தேன். ஐயாயிரத்துச் சொச்சம் பதிவுகள். அதில் மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பதிவுகளில் தேதி ஒன்றே ஒன்று. 1996, ஆகஸ்ட் 14.

தினமும் காலையில் மெஷின் தேதி கேட்கும்படி நான்தான் வைத்தேன். அந்த மெஷினின் பேட்டரி போயிருந்தது, அதற்கே தேதி தெரியாது என்பதால். நீங்கள் பதினொன்றரை வருஷமாக, ஒவ்வொரு நாளும், அந்த ஒரு தேதியையே கொடுத்திருக்கிறீர்கள். அதுதான் கோளாறு. ஒரே தேதியில் இரண்டு பதிவு இருந்தால் எது பிந்தியது என்று புரோகிராமுக்கு எப்படித் தெரியும்? பழைய மெஷினில் பதிந்த வரிசை கலையாமல் இருந்ததால் தப்பியது, எஃப் ஒன்பது போட்டுப் புதிதாக அடுக்கியதும் கலைந்துவிட்டது.

அது என்ன நாள் என்று நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. திரையில் 38 சுற்று என்று இருந்தது. நீங்கள் ஞாபகத்திலிருந்து 44 என்றீர்கள். "நீங்கதாண்ணே 38ன்னு சொன்னீங்க, நான் ஏத்தினேன்" என்றேன். வைண்டர், டீக்காரர், அந்த மோட்டாருக்குச் சொந்தக்காரர், எல்லோர் முன்னாலும் என்னை அறைந்தீர்கள். "பெட்டி சொல்றதைக் கேட்டுக்கிட்டு என்னைப் பொய்யன்ங்கறியா? அழிச்சுட்டு 44ன்னு போடு" என்றீர்கள். போட்டேன். நான் அங்கே கடைசியாக அடித்தது அந்த எண்தான்.

அந்த மோட்டாரையும் இப்போது தேடிப் பார்த்தேன். 44 என்ற என் பதிவுக்குக் கீழே இன்னொன்று இருக்கிறது. நீங்கள் போட்டது. 38.

ஆக, உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. பதினொன்றரை வருஷமாக ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. ஆனால் நான் வீட்டை விட்டுப் போன நாளை மட்டும் தினம் தவறாமல் குத்திவைக்கத் தோன்றியிருக்கிறது. என்னை என்றைக்காவது இதைப் பார்க்க வைக்க வேண்டும் என்றா?

தேதியைப் பார்க்காமல் வரிசை எண்ணைப் பார்த்துக் கடைசிப் பதிவைக் காட்டும்படி மாற்றிவிட்டேன். ஃப்ளாப்பி இத்துடன். இனி அது சரியாகச் சொல்லும், வைண்டர் நம்பிச் சுற்றலாம். வேலை வேறு, மற்றது வேறு.

பன்னிரண்டாம் தேதிக்கு முன்னாலும் என்னால் வர முடியாது, பின்னாலும் வர முடியாது.

தம்பி

-

மார்ச் 3, 2008

டேய்,

உன் கடுதாசியை அண்ணி படிச்சா. பாதியில நிறுத்திட்டு என்னைப் பார்த்தா. "என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"ன்னா.

எனக்கு அது தேதின்னே தெரியாதுடா.

அன்னிக்குக் காலையில நீ ஒரு சீட்டுல எழுதி டிவி மேல ஒட்டினே. 08-14-96. "அண்ணே, காலையில போட்டதும் ஏதோ கேக்கும். இதைப் பார்த்து இப்படியே அடிச்சு என்டரைத் தட்டுங்க, உள்ளே விட்டுடும்"னே. மீதியை நாளைக்குச் சொல்றேன்னே. அன்னிக்குச் சாயங்காலம் நீ இல்லை. மறுநாள் போட்டேன், கேட்டுது, எட்டு, பதினாலு, தொண்ணூத்தாறு அடிச்சேன், விட்டுது. அதுக்கு மறுநாளும் விட்டுது. பூட்டுக்குச் சாவி மாதிரின்னு நினைச்சேன். தேதின்னா எனக்குத் தெரியாதா? தினம் காலண்டர் கிழிக்கிறவன் நான். ஆனா எந்த ஊர்லடா மாசத்தை முன்னாடி போடறான்? பதினாலாம் மாசம்னு ஒண்ணு இருக்குன்னு நான் எங்கே போய்த் தெரிஞ்சுக்கறது? அந்த இங்கிலீஷ்க் கேள்வியை யார் எனக்குப் படிச்சுச் சொன்னா?

சோடாபுட்டியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் விளக்கிச் சொன்னப்போ ஸ்டூல்ல உக்காந்துட்டேன், ஆடற ஸ்டூல்லயே. உன்மேல கோவம் வரலை. நீ சொல்றதுதான் நிஜமோன்னு எனக்கே ஒரு நிமிஷம் தோணிச்சு. தினம் காலையில அந்த நாளையே அடிச்சுத்தானே உள்ளே போயிருக்கேன்.

38 விஷயம். நீ போன மூணாம் நாள் அந்த மோட்டார் திரும்ப வந்தது. முனகுது, தண்ணி ஏறலை. எல்லாரும் சாப்பிடப் போனப்புறம், அறுத்துப் போட்ட அதோட பழைய காயிலைக் குப்பை டிரம்முல தேடி எடுத்தேன். எண்ணினேன். முப்பத்தெட்டு. மறுபடி எண்ணினேன். நாலு தடவை எண்ணினேன். 44 வேற ஒரு மோட்டாரோடது. பக்கத்துல கிடந்தது, நான் மாத்தி ஞாபகம் வெச்சிருந்தேன். நானே சுத்தினேன், நானே 38ன்னு அடிச்சேன். அந்த மோட்டார் இன்னும் ஓடுது. அதுக்கப்புறம் நம்ம பட்டறைக்கு அது வரவே இல்லை.

உன் அட்ரஸ் தெரியாத அஞ்சு வருஷம், அட்ரஸ் தெரியலைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். தெரிஞ்ச ஆறு வருஷம் என்ன சொல்லிக்கிட்டேன்னு தெரியலை. என் தப்புத்தான்டா. அறைஞ்ச கையை அன்னிக்கே அடுப்புல வெச்சிருக்கணும்.

வர வேண்டாம். கூப்பிடு. பட்டறை நம்பர் பழசுதான். உன் நம்பரை நான் மூணு தடவை சுத்திட்டு, மணி அடிக்கறதுக்கு முன்னாடியே வெச்சுட்டேன். நான் கூப்பிட்டா எனக்கு வார்த்தை வராது. நீ கூப்பிட்டா எப்படியாவது பேசிடுவேன். குரல் ஒரு மாதிரி இருக்கும், பயந்துடாதே. பதினொண்ணாம் தேதி சாயங்காலம் வரைக்கும் போன் பக்கத்துலயே இருக்கேன். அதுக்கப்புறம் கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை.

அண்ணன்

-

மார்ச் 30, 2008

அண்ணே,

உங்க கடிதம் முந்தாநாள்தான் என் கைக்கு வந்தது. நாலாம் தேதியே ஆபீஸ் வேலையா வெளியூர் அனுப்பிட்டாங்க. அங்கே ஒரு குடோன், இதே மாதிரி பழைய புரோகிராம், பழைய மெஷின். மூணு வாரம் உக்காந்து யாரோ எழுதினதை ஓட வெச்சுட்டு வந்தேன். கதவைத் திறந்தா, கீழே உங்க கவர் கிடக்கு.

படிச்சேன். மீதியை நாளைக்குச் சொல்றேன்னு நான் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லைண்ணே. தேதின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். சாவி நம்பர்னு நீங்க எழுதினதையும் போன மாசமே படிச்சேன். கண்ணுல பட்டும் உறைக்கலை. உங்களைப் போய்க் குத்திக் காட்டறீங்கன்னு எழுதினேனே.

நேத்துக் காலையில பட்டறைக்குக் கூப்பிட்டேன். நாலாவது மணியில எடுத்தாங்க. பேசலை. பின்னாடி மோட்டார் ஓடற சத்தம் கேட்டுது, அதனால பட்டறைதான்னு தெரிஞ்சுது. அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டுப் பார்த்தேன். மூச்சு விடற சத்தம் மட்டும் வந்தது. நடுவுல லைன்ல ஏதோ டொக் டொக்குன்னு கோளாறு. எடுத்தது நீங்கதானே? பதினொண்ணாம் தேதி கூப்பிடலைன்னு கோவமா? கோவம்னா திட்டியிருக்கலாமே. பேசப் பிடிக்கலைன்னா எதுக்கு எடுத்தீங்கன்னு கத்திட்டு வெச்சுட்டேன். வெச்சதும் மனசு கேக்கலை. திரும்ப அடிச்சேன், யாரும் எடுக்கலை.

இத்தோட ஒரு ஃப்ளாப்பி வருது. இனிமே காலையில அது உங்களைத் தேதி கேக்காது. புது மெஷினுக்குத் தேதி தெரியும், அதுவே போட்டுக்கும். அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுடுங்க.

என்ன நடந்ததுன்னு ஒரு வரி எழுதுங்கண்ணே. பல்லிக் கதை, மீன் கதை எதுவா இருந்தாலும் எழுதுங்க.

தம்பி

-

ஏப்ரல் 6, 2008

தம்பிக்கு,

எடுத்தது நான்தான்.

கோவம் இல்லைடா. பன்னெண்டாம் தேதி ஆஸ்பத்திரியில என் தொண்டையை எடுத்துட்டாங்க. கரகரப்புன்னு நான் சொன்னது கட்டி. குரல் வர்ற பெட்டியை அப்படியே எடுத்தாத்தான் ஆள் பிழைப்பான்னு ஜனவரியிலயே டாக்டர் சொல்லிட்டார். தேதியும் அப்பவே குடுத்துட்டார். இப்போ கழுத்துல ஒரு ஓட்டை, அது வழியா மூச்சு விடறேன். பல்லி வந்து குடியிருந்தாலும் இருக்கும், துணி கட்டி வெச்சிருக்கேன்.

அண்ணி உனக்கு எழுதறேன்னுதான் நின்னா. அவகிட்ட சத்தியம் வாங்கினேன். நோயைக் காட்டிக் கூப்பிட்டா நீ ஓடி வந்துடுவே, எனக்குத் தெரியும். அது என்மேல இரக்கப்பட்டு வர்றது. நான் உன்னை அடிச்சதுக்கு நீ என்மேல இரக்கப்படறதா? பட்டறை வேலைக்குன்னு கூப்பிட்டா, வேலைக்காரனா வருவே, ஸ்டூல்ல உக்காருவே, நான் பக்கத்துல நின்னு 38 நீ சொன்னதுதான் சரின்னு வாயாலயே சொல்லிடலாம்னு இருந்தேன். அதுக்குத்தான் பன்னெண்டு பன்னெண்டுன்னு உயிரை வாங்கினேன்.

பதினொண்ணாம் தேதி காலையில இருந்து போன்கிட்ட உக்காந்திருந்தேன். அண்ணி சாப்பாட்டை அங்கேயே கொண்டு வந்து வெச்சா. ஏழு தடவை மணி அடிச்சுது. ஏழும் மோட்டாருக்கு. கடைசியா ஐஸ் ஃபேக்டரிக்காரன். "மோட்டார் ரெடியா?"ன்னான். "ரெடி"ன்னேன். வெச்சுட்டான். நான் இந்த உலகத்துல பேசின கடைசி வார்த்தை அதுதான். ரேடியோன்னு பேர் வாங்கினவன், கடைசியில ஐஸ் ஃபேக்டரிக்காரனுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு முடிச்சுட்டேன். நினைச்சா சிரிப்பா வருது. சிரிச்சாலும் சத்தம் வராது இப்போ.

நீ வெளியூர் போவேன்னு உனக்கு என்ன ஜோசியமா தெரியும்? அதை வெச்சுக்கிட்டு மருகாதே.

உன் புரோகிராம் நல்லா ஓடுது. அதைச் சொல்லணும். நான் ஆஸ்பத்திரியில இருந்த பதினாலு நாள்ல வைண்டர் பத்தொன்பது மோட்டார் சுத்தியிருக்கான், ஒண்ணு கூடத் திரும்பி வரலை. இப்போ நான் திரையைக் காட்டறேன், அவன் பார்க்கறான். "ரேடியோ போய் டிவி வந்துடுச்சுண்ணே"ங்கறான். சொல்லிட்டு அந்தப் பக்கம் போய் மூக்கைச் சிந்தறான். புது ஃப்ளாப்பியையும் நேத்துப் போட்டாச்சு. தேதியை அதுவே போட்டுக்குது. காலையில சுவிட்சைப் போட்டா என் கை தானா எட்டு மேல போய் நிக்குது, அது எதையும் கேக்காம உள்ளே விட்டுடுது. கை அப்படியே நிக்குது. சீட்டைக் கிழிக்கலை. நீ ஒட்டினதை நீயே வந்து எடு.

அந்தப் போன். இருபத்தொன்பதாம் தேதி. ஆஸ்பத்திரியிலேருந்து வந்து மூணு நாள்தான் ஆகியிருந்தது. டாக்டர் வெளியே போகாதேன்னார். ஒரு மணி நேரம் பட்டறையில உக்காந்துட்டு வர்றேன்னு அண்ணிகிட்ட ஜாடை காட்டிட்டு வந்திருந்தேன். மணி அடிச்சுது. வைண்டர் மெயின் சுவிட்சுகிட்ட இருந்தான், நான்தான் எடுத்தேன். நீ "அண்ணே"ன்னே.

பதினொண்ணரை வருஷம் கழிச்சு அந்தக் குரல். கொஞ்சம் தடிச்சுப் போயிருக்கு. வாயைத் திறந்தேன். காத்துதான் வந்தது, அதுவும் கழுத்து வழியா. உனக்கு எப்படித் தெரிய வைக்கறது? ஸ்க்ரூ டிரைவர் கையில இருந்தது. போன் மேலயே தட்டினேன். மூணு தட்டு. நீ மறுபடி "அண்ணே"ன்னே. மறுபடி மூணு தட்டு. லைன் கோளாறுன்னு நினைச்சியே, அது நான்தான்டா. நீ திட்டினப்போ கூட சந்தோஷமாத்தான் இருந்தது, இன்னும் கொஞ்சம் திட்டமாட்டானான்னு இருந்தது. வெச்சுட்டே. நீ ரெண்டாவது தடவை அடிக்கறதுக்குள்ள மூச்சு வாங்கி ஸ்டூல்ல போய் உக்காந்துட்டேன், எந்திரிச்சு வந்து எடுக்க முடியலை.

நீ வெக்கறதுக்குள்ள ஒன்பது தடவை "அண்ணே"ன்னே. எண்ணினேன். எண்ணறதுதானே நம்ம தொழிலு. ஒவ்வொண்ணுக்கும் மூணு, மொத்தம் இருபத்தேழு தட்டு தட்டினேன். ஒண்ணு கூடக் குறைக்கலை.

அடுத்த தடவை கூப்பிட்டா உடனே வெச்சிடாதே. நீ பேசு. பேசிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இரு. நான் தட்டறேன்.

அண்ணன்